ஊரிகத்தைத் தாண்டிய ராணி

பெங்களூரில் வேலை முடிந்து ரயிலில் ஊரிகத்துக்குத் திரும்பும் நாங்கள் நான்கு பெண்கள் ஒரு வாசிப்புக் குழு. பங்காருபேட்டையில் கூட்டம் குறைந்ததும் ஒருவர் உரக்க வாசிப்போம். இந்த முறை ஸ்டெல்லா அக்கா ஒரு சரித்திர நாவலைத் தேர்ந்தெடுத்தார். "அழுவுற கதையெல்லாம் வேணாங்க்கா" என்று நான்தான் முரண்டு பிடித்தேன்.

கடைசி அத்தியாயத்தில், எதிரிகள் சூழ்ந்த கோட்டையிலிருந்து ராணி தன் குழந்தையை மட்டும் வெளியே அனுப்புகிறாள். "பெத்தவ செய்ற வேலையா இது?" என்று நான் கண்ணீரோடு கத்த, "வேற இன்னா பண்ணுவா?" என்று அக்கா கத்த, பெட்டியே இரண்டு கட்சியானது.

ரயில் நின்றது. மாரிகுப்பம், கடைசி ஸ்டேஷன்! நாங்கள் இறங்க வேண்டிய ஊரிகம் எப்போதோ போயிருந்தது.

வீட்டுக்காரர் போனில், "எங்க கீறே?" என்றார்.

"இப்பதாங்க கோட்டைய விட்டு வெளிய வந்தோம்."

அழுகைக் கதை வேண்டாம் என்றவள், அந்தப் பிளாட்பாரத்தில் சிரித்த மாதிரி அதற்குமுன் சிரித்ததே இல்லை.