மாப்பிள்ளைத் துரை மேல் கொட்டிய மணல்

எங்கள் அச்சகத்துக்கு வந்த புது மிஷினை மாட்டிக் கொடுக்க ஜெர்மனியிலிருந்து ஒரு துரை வந்திருந்தார். 1960களின் தொடக்கம் அது. எந்நேரமும் கையில் ஒரு சின்ன சினிமா கேமரா. சிவகாசியில் வெயிலை விட்டால் படம் பிடிக்க என்ன இருக்கிறதோ, தெருக் கழுதையைக்கூட அவர் விடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் திரி வெட்டும் ஒரு அக்காவுக்கு, திரியில் தீப்பிடித்து வலது கை வெந்துபோனது. புண் ஆறியது; விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. வேலூரில் ஆபரேஷன் செய்தால் பிரித்துவிடலாம் என்றார் டாக்டர். அந்தச் செலவுக்கு அவள் எங்கே போவாள்? மகள் அவளுக்குச் சோறு ஊட்டுவதைத் துரை ஒருநாள் பார்த்துவிட்டார். சிரிப்புப் படம் ஒன்று எடுத்து ஊருக்குக் காட்டுவோம், பிடித்தவர்கள் துண்டில் காசு போடட்டும் என்றார்.

கதை இதுதான். துரை வேட்டி கட்டிக்கொண்டு பெண் பார்க்க வருகிறார். வரவேற்புச் சரவெடிக்குப் பயந்து ஓடுகிறார். பெண் துரத்துகிறாள். பெண்ணாக நடிக்க எந்த வீட்டில் அனுப்புவார்கள்? ஒல்லியாக இருந்த பாவத்துக்கு என்னைப் பிடித்தார்கள். ஆசையாக வளர்த்த மீசையைத் தர்மத்துக்காக எடுத்தேன். சேலை கொடுத்த என் மனைவி, "என்னையவிட ஒங்களுக்குத்தான் எடுப்பா இருக்கு" என்றாள். அப்புறம் பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பொட்டலில் படப்பிடிப்பு. பெண்வீட்டாராக நின்றவர்கள் அக்காவோடு வேலை பார்த்தவர்கள். எதற்கும் இருக்கட்டும் என்று மணல் வாளியும் ஈரச் சாக்கும் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். எங்கள் மிஷின்மேன் கேமராவைப் பிடித்தார். மிச்சமிருந்தது ஒரே பிலிம் சுருள். துரை பட்டுவேட்டியில் ஜம்மென்று வந்து நின்றார்.

திரியில் தீ வைத்ததும் உஸ்ஸென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், மூன்று பேர் பாய்ந்தார்கள். ஒருவர் மணலைக் கொட்டினார். பாதி மாப்பிள்ளை தலையில். இன்னொருவர் துரையையும் சரவெடியையும் சேர்த்துச் சாக்கால் மூடினார். மூன்றாமவர், "பயப்படாத தாயி!" என்று என்னைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு வேலி தாண்டி ஓடினார்.

"ஏலே, வெடிக்க வேண்டியத அணைச்சுப்புட்டீகளே!" என்று மிஷின்மேன் கத்தினார்.

"திரி பத்துனா கை சும்மா இருக்குமாண்ணே? பளகிப்போச்சு" என்றார் சாக்குக்காரர்.

சுருள் தீர்ந்துவிட்டது. பம்பாய்க்கு அனுப்பிக் கழுவி வந்த படத்தை அப்படியே பக்கத்துத் திருத்தங்கல் பள்ளிக்கூடத்தில் திரை கட்டி ஓட்டினோம். அக்காவின் ஆபரேஷனைக் கெடுத்துவிட்டோமே என்று நான் கதவோரம் ஒதுங்கி நின்றேன். ஆனால் கூட்டம் என்னைப் பார்த்து விசிலடித்தது. துரைமேல் மணல் விழுந்ததும் சிரிப்பில் கூரையே போய்விடும் போலிருந்தது.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து அக்கா எழுந்து அந்த மூன்று பேரையும் பார்த்தாள். "அன்னைக்கும் இம்புட்டு வெரசா வந்திருந்தீகன்னா, இந்தப் படமே எடுத்திருக்க வேண்டாம்ல!"

சொல்லிவிட்டு முதலில் சிரித்ததும் அவள்தான். அதற்குப் பிறகுதான் எங்களுக்குச் சிரிக்கத் தைரியம் வந்தது. அந்த மூன்று பேர் மட்டும் சிரிக்கவில்லை. துண்டு விரித்ததும் முதல் ஆளாக வந்து போட்டார்கள். காசு சேர்ந்ததும் வேலூருக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனதும் அவர்கள்தான். ஐந்து விரலும் தனித்தனியாக அசைவதைக் கண்ணால் பார்த்த பிறகே ஊர் திரும்பினார்கள்.