பொன்முடிக்கு மத்தியானம் கிளம்பினோம்

பொன்முடி மலைக்கு மத்தியானத்தில் சைக்கிளில் ஏறக் கிளம்புகிறவன் முட்டாள். போன மாதம் எங்கள் சைக்கிள் குழுவில் ஒருவர், அங்கே போக எந்த நேரம் நல்லது என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். விடியற்காலை என்று எல்லாரும் பதில் போட்டார்கள். ஒருவர் மட்டும், மத்தியானம் போகிறவனுக்கு மூளை கிடையாது என்று எழுதிப் பக்கத்தில் சிரிப்புப் பொம்மை வைத்திருந்தார். எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரிதான். சரி என்பதால் கோபம் வராமல் இருக்குமா? எங்கள் அப்பா மத்தியானம்தான் கிளம்பினார். அதுவும் மூட்டை ஏற்றுகிற கடை சைக்கிளில், என்னையும் அத்தை மகளையும் கூட்டிக்கொண்டு.

அப்போது நான் ஆறாம் வகுப்பு முடித்திருந்தேன். அப்பாவுக்குத் தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் வேலை. பெரிய லீவில் வகுப்புப் பிள்ளைகள் எங்கெங்கோ போய் வந்து பீற்றிக்கொள்வார்கள். நாங்கள் எங்கும் போனதில்லை. பள்ளிக்கூடம் லீவு விடுவதும் வெயில் காலத்தில், உப்பு விளைவதும் வெயில் காலத்தில். அந்த வருடம் அப்பா திடீரென்று ஒருநாள் வந்து, எல்லாரும் திருவனந்தபுரத்துக்கு அத்தை வீட்டுக்குப் போகிறோம் என்றார். பஸ் நாகர்கோவிலைத் தாண்டும்வரை நான் நம்பவில்லை. உப்பு விளையும் நேரத்தில் அப்பா எனக்காக லீவு போட்டிருக்கிறார்! ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து அதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு வந்தேன்.

அத்தை வீடு ஆரியசாலையில், மாமாவின் மிளகாய் வத்தல் மண்டிக்கு மேல்மாடியில். படி ஏறும்போதே தும்மல் வரும். அத்தை மகள், அதாவது என் மதினி, பத்தாம் வகுப்பு எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். கியர் வைத்த புது சைக்கிள் வைத்திருந்தாள். பழையதை என்னிடம் தள்ளிவிட்டு, "இனி இது உனக்காக்கும். பிரேக் மட்டும் கொஞ்சம் சொதப்பும், கேட்டோ" என்றாள். அந்த ஒரு காரியத்துக்காக இன்றைக்கும் அவள் என்ன பேசினாலும் பொறுத்துக்கொள்கிறேன். நிறையப் பேசுவாள்.

சாயங்காலம் ஆனால் மொட்டைமாடியில் எங்கள் கூட்டம். மதினியின் மொபைலில் வரைபடத்தைத் திறந்து தரையில் வைப்போம். நாளைக்கு எந்த வழி? சட்டங்கள் என்னுடையவை. போன வழியில் திரும்பக் கூடாது. பஸ் போகிற ரோடு முடிந்தவரை கூடாது. வழியில் ஏதாவது ஒரு தண்ணீர் வர வேண்டும்: கடலோ காயலோ ஆறோ. வாழைப்பழத்தில் பழம்பொரி போடும் கடை ஒன்று கட்டாயம். திரையில் பச்சையாக இருக்கும் இடத்தையெல்லாம் விரலால் பெரிதாக்கிப் பார்ப்பேன். எங்கள் ஊர் அந்தப் படத்தில் வெறும் சாம்பல் நிறம்.

அப்பா மண்டியிலிருந்து வத்தல் நெடியோடு ஏறி வருவார். மாமாவுக்கு ஒத்தாசையாக மத்தியானத்துக்கு மேல் அங்கேதான் நின்றார். வந்து உட்கார்ந்து படத்தைப் பார்க்காமல் வானத்தைப் பார்ப்பார். "காத்து எங்கிருந்து வருது?" இதுதான் முதல் கேள்வி. எங்கள் ஊரில் சைக்கிள்காரனுக்கு வேறு கேள்வியே கிடையாது. பூமி தட்டாகக் கிடக்கும். ஏற்றம் என்றால் ரயில்வே மேம்பாலம் ஒன்றுதான். காலையில் தரைக்காற்று உப்பளத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும், மத்தியானம் கடல்காற்று வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வரும். அப்பா வாழ்நாள் முழுக்க அப்படித்தான் போய் வந்தார்.

மதினி விழுந்து விழுந்து சிரித்தாள். "மாமா, இது பாய்க்கப்பலா? இங்க ஏத்தமும் இறக்கமும்தான் கணக்கு. காத்தை யாரு பார்க்கா?"

"நீ சும்மா இரு மருமவளே. காத்துக்குத் தெரியாத ரோடு கிடையாது."

முதல் நாள் சங்குமுகம் கடற்கரைக்குப் போனோம். காலையில் எதிர்க்காற்று இல்லை, திரும்பும்போது கடல்காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. அப்பா மதினியைப் பார்த்து மீசையைத் தடவினார். மறுநாள் திருவல்லம் வழியாகப் புஞ்சக்கரி வயலுக்கும் வெள்ளாயணிக் காயலுக்கும். வயலுக்கு நடுவே ஒற்றை ரோடு, இரண்டு பக்கமும் கொக்கு. நான் கத்திக்கொண்டே மிதித்தேன். ஒன்றும் காரணமில்லை, கத்த வேண்டும்போல் இருந்தது. காயலைச் சுற்றித் திரும்பும்போது ஒரு மேடு வந்தது. காற்று எங்கள் பக்கம்தான் இருந்தது. ஆனாலும் இறங்கித் தள்ளினோம். மதினி மேட்டின் உச்சியில் நின்று, "மாமா, காத்து எவிடே?" என்று கேட்டாள். அப்பா மூச்சு வாங்கிக்கொண்டே, "வரும், வரும்" என்றார்.

எனக்கு இதெல்லாம் போதாது. வரைபடத்தில் கிழக்கே ஒரு ரோடு குடல் மாதிரி சுருண்டு சுருண்டு ஏறியது. பொன்முடி. கொண்டை ஊசி வளைவுகள். அங்கே போகாமல் ஊர் திரும்பினால் இந்த லீவே வீண் என்று முடிவு கட்டிவிட்டேன். ஆனால் லீவு எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. அப்பா தினமும் காலையில் ஊருக்குப் போன் போடுவார். "எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்பார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருப்பார். வைத்துவிட்டு, "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போவோம்" என்பார். நான் குதிப்பேன். அம்மா அத்தையோடு உட்கார்ந்து மூட்டை மூட்டையாக வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருப்பாள். தலை நிமிர மாட்டாள். லீவில் வந்தும் இவளுக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லையே என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

வழி மாமாவிடமிருந்து கிடைத்தது. மண்டியிலிருந்து வித்துரா சந்தைக்கு லோடு வண்டி போகும். மூட்டைகளுக்கு மேலே மூன்று சைக்கிளையும் கட்டிவிட்டால், வித்துராவிலிருந்து மலை அடிவாரம் பக்கம்தான். சாயங்காலம் அதே வண்டியில் திரும்பிவிடலாம். நானும் மதினியும் அன்று ராத்திரி தூங்கவில்லை.

விடியும்போதே வித்துரா போய்ச் சேர்ந்தால் ஏறு வெயிலுக்கு முன்னால் பாதி மலை ஏறிவிடலாம் என்று மதினி திட்டம் போட்டிருந்தாள். அப்பா தலையை ஆட்டினார். "மத்தியானம்தான் ஏறணும். கடல் மேற்கே இருக்கு, மலை கிழக்கே இருக்கு. மத்தியானம் கடல்காத்து கிளம்பி நேரா மலை மேல ஏறும். நாம சும்மா சீட்ல உக்காந்திருந்தாப் போதும்."

மதினி என் பக்கம் சாய்ந்தாள். பிறகு என் காதில், "எடி, உன் அப்பா சொல்றதைக் கேட்டா சரிபோலத்தான் இருக்கு. ஆனா காட்டுக்குள்ள காத்தா? பயங்கர காமெடியாக்கும்" என்றாள்.

வித்துராவில் இறங்கியதும் அப்பா எங்களை ஒரு டீக்கடையில் உட்காரவைத்து புட்டும் கடலையும் வாங்கிக் கொடுத்தார். பிறகு சட்டையைக் கழற்றி வண்டியில் போட்டுவிட்டு மூட்டை இறக்கப் போய்விட்டார். ஒரு கடை முடிந்து அடுத்த கடை, அதற்குப் பிறகு இன்னொன்று. எனக்கு ஆத்திரம். ஒத்தாசை செய்கிறவர் எல்லாக் கடைக்குமா செய்வார்? "வாங்கப்பா, நேரமாகுது" என்று போய் நின்று கத்தினேன். முதுகில் மூட்டையோடு திரும்பி, "இன்னும் காத்து வரலட்டி" என்றார். நான் வானத்தைப் பார்த்தேன். ஒரு இலை அசையவில்லை.

மத்தியானச் சாப்பாடு முடிந்து கிளம்பினோம். அடிவாரத்தில் வனத்துறைக் காவலர் எங்கள் மூவரையும், கேரியர் வைத்த கடை சைக்கிளையும் பார்த்துவிட்டு, "இப்போழோ?" என்று மட்டும் கேட்டார்.

காற்று வரவில்லை. ஆனால் அந்த ரோடு! முதல் வளைவு ஏறியதும் கீழே வந்த ரோடு தெரிந்தது. அடுத்த வளைவில் அந்த ரோட்டுக்கும் கீழே ஆறு தெரிந்தது. இறங்கித் தள்ளினேன், மறுபடி ஏறினேன். வளைவுக்கு வளைவு எண் எழுதிய பலகை. அதைக் கையால் தட்டிவிட்டுத்தான் போவோம். மதினி கியரை மாற்றி மாற்றி, "கொள்ளாம், கொள்ளாம்!" என்று ரோட்டைப் பாராட்டிக்கொண்டே முன்னால் போனாள். அப்பா ஒரு கையால் தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு, மறு கையால் என் சீட்டைப் பிடித்துத் தள்ளினார். திரும்பிப் பார்த்தபோது அவர் கழுத்தில் சாக்கு அழுத்திய கோடுகள் சட்டைக்கு மேலே தெரிந்தன. "பாத்தியாட்டி, காத்து தள்ளுதா?" என்று பின்னாலிருந்து கேட்டார். "தள்ளுது, தள்ளுது" என்று சிரித்தேன்.

பாதி மலையில் இருட்டிக்கொண்டு வந்தது. அன்னாசிப்பழம் விற்கிற ஒருவர் ஒரு வளைவில் தார்ப்பாய் கட்டி வைத்திருந்தார். நாங்கள் அதன் அடியில் நுழைவதற்கும் மழை கொட்டுவதற்கும் சரியாக இருந்தது. பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளையாக ஆனது. மேகம் எங்களுக்குக் கீழே இருந்தது. அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. மிளகாய்ப்பொடி தூவிய அன்னாசித் துண்டோடு குதித்துக்கொண்டே இருந்தேன்.

அப்பா சிக்னல் தேடி ஓரத்துக்குப் போனார். அரை உடம்பு மழையில் நனைய, ஊருக்குப் பேசினார். "எப்படி இருக்கு? அப்படியா. அங்கேயுமா." திரும்பி வந்து, தலையைத் துவட்டாமல், "இன்னும் ஒரு வாரம் இருப்போம்ட்டி. அடுத்து எந்த வழின்னு பாத்து வை" என்றார்.

எங்கள் ஊரில் மழைக்காலத்தில் உப்பளம் மூடியிருக்கும். அது எனக்குத் தெரியும். உப்பு விளையும் காலத்தில் மழை வந்து பாத்தியைக் கரைக்கும் என்பதும், கரைந்தால் சேறு காயும்வரை கூலிக்காரனை வா என்று கூப்பிட மாட்டார்கள் என்பதும் தெரியாது. நாங்கள் கிளம்புவதற்கு முன்னால் ஊரில் மழை பெய்தது. நான் தெருவில் நனைந்து ஆடினேன். அதற்கும் லீவுக்கும் முடிச்சுப் போடத் தோன்றவில்லை. மண்டியில் அப்பா ஒத்தாசைக்கு நிற்கவில்லை, கூலிக்கு நின்றார். அம்மா கிள்ளியதும் கூலிக்குத்தான். வித்துராவில் அத்தனை கடை மூட்டையும் இறக்கி முடிக்க மத்தியானம் ஆகும், அதனால்தான் மத்தியானம். பிறந்ததிலிருந்து காற்றில் கிடந்த மனிதருக்குக் காட்டுக்குள் கடல்காற்று ஏறாது என்று தெரியாமலா இருக்கும்? பதினைந்து வயதுப் பெண் முட்டாள் என்று சிரித்தபோது சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

இது எதுவும் அன்றைக்கு எனக்குத் தெரியாது. ஒரு வாரம் என்றதும் தார்ப்பாயை விட்டு வெளியே ஓடினேன். நடு ரோட்டில் நின்று, மழை விட்டால் இறங்க வேண்டியிருக்கும் என்ற பயத்தில், வானத்தைப் பார்த்து, "விடாத! இன்னும் பெய்! நல்லாப் பெய்!" என்று கத்தினேன். மதினியும் வந்து சேர்ந்து கத்தினாள்.

அப்பா தார்ப்பாயின் ஓரத்தில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் சிரித்தார்.