பட்டத்தைப் பிடித்த கை

இன்று கல்குடாக் கடற்கரையில் ஒரு பெரிய துணிப் பட்டத்தை ஏற்றிப் பார்த்தேன். மூன்று சில்லு பூட்டிய சிறு வண்டியில் இருப்பவரை மணலில் இழுத்துச் செல்லும் பட்டம். பட்டம் விடப் பழக வரும் பெண்களுக்குச் சரிவருமா என்று, வாங்குவதற்கு முன் என்னைப் பார்க்கச் சொன்னவர், இந்தப் பயிற்சியை நடத்தும் மாலினி அக்கா.

மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஒரே இழுவையில் என்னைக் குப்புறத் தள்ளியது.

"கைபிடிய உடு புள்ள" என்று அக்கா கத்தினார். விட்டால் பட்டம் தானாக இறங்கிவிடும். நான் விடவில்லை. ஏற்றிய பட்டத்தைக் கைவிட்டு நமக்குப் பழக்கமா? வாய் நிறைய மணல்.

"எப்பிடிப் புள்ள பட்டம்?"

வழக்கமாகத் தலையை மட்டும் ஆட்டுவேன். இன்று சொல்லிவிட்டேன்.

"நல்லாத் திரும்புதுக்கா. ஆனா பெரிசு. இஞ்ச எல்லாரும் என்னப்போலதான் உடாமக் கிடப்பாங்க. சின்னத எடுங்க."

"அப்ப சின்னதுதான். சனிக்கிழமை வாறவங்களுக்கு நீயே பழக்கு."

ஓம் என்றுவிட்டேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு, என் பேச்சைக் கேட்டு ஒருவர் முடிவெடுத்தது இதுதான் முதல் தடவை.

முன்பின் தெரியாதவர்களோடு பேசுவது எப்படி? வழி தெரிந்தவர்கள் இந்தப் பதிவின் கீழேயே எழுதுங்கள். தயவுசெய்து போனில் கோல் எடுக்க வேண்டாம்.