கோட்டைக் கல்லுக்கு ஊற்றிய பால்

வேலூர்க் கோட்டையைப் பார்த்தவர்கள் எங்கள் ஊர்க் கோட்டையைக் கோட்டை என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆம்பூரைத் தாண்டி, பாலாற்றங்கரை மேட்டில் இரண்டரைச் சுவரும் நிறைய சீமைக்கருவேலமும், அவ்வளவுதான். மைசூர்ப் படை ஆற்றைக் கடந்துவிடக் கூடாது என்று கும்பினிக்காரர்கள் கட்டியதாம். பிறகு கைதிகளை அடைத்தார்கள், நெல் மூட்டை அடுக்கினார்கள் என்பார்கள். என் காலத்தில் ஆடுகள்தான் அங்கே காவல் இருந்தன. காவல் காக்க ஆற்றில் தண்ணீரும் இல்லை.

அம்மா ஷூ கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தாள். ஞாயிறு ஒரு நாள்தான் லீவு. நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது ஆற்றில் மணல் லாரிகள் இறங்கின. அந்த ஞாயிறு அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கோட்டைக்குப் போனாள். சுவரோரம் நின்று கீழே வெட்டிய பள்ளங்களையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு சுவரடியில் நட்டிருந்த ஒரு கல்லைக் காட்டினாள்.

“இதுல இன்னா எழுதிருக்கு, படி.”

எங்கள் வீட்டின் முதல் இங்கிலீஷ்காரி நான். எழுத்தெல்லாம் மண் அடைந்து கிடந்தது. பதினொன்று என்ற எண் மட்டும் தெரிந்தது. தெரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

“கொழந்த எதுனா பொதச்சிருக்காங்களா?” என்றாள் அம்மா.

“ஆமாம்மா. வெள்ளைக்காரக் கொழந்த.”

“எத்தினி மாசம்?”

“பதினொண்ணு.”

“நம்ம பையனுக்கு ஏழுதான்” என்றாள். எனக்கு முன்னால் பிறந்த அண்ணன் ஏழு மாதத்தில் செத்துப்போனது எனக்கும் தெரியும். வீட்டில் யாரும் அதைப் பேச மாட்டார்கள்.

அடுத்த ஞாயிறிலிருந்து அம்மா ஒரு தம்ளர் பாலோடு கிளம்பினாள். கல்லுக்கு ஊற்றுவாள், பக்கத்தில் உட்கார்வாள். எதற்கெடுத்தாலும் சத்தம் போடுகிற அப்பா இதற்கு மட்டும் வாயே திறக்கவில்லை. ஒவ்வொரு வாரமும் அம்மா என்னைப் படிக்கச் சொன்னாள். நானும் வாரம் ஒன்றாகச் சேர்த்தேன். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது, அதன் அப்பா கோட்டைச் சிப்பாய், அதன் அம்மா அழுதுகொண்டே கப்பலேறிப் போனாள். இவ்வளவும் ஒரு முழ உயரக் கல்லில் எப்படி எழுத முடியும் என்று அம்மா கேட்கவே இல்லை.

“புள்ளய இங்க உட்டுட்டா போய்ட்டா?”

“ஆமாம்மா.”

“பாவம். ஒரு கல்லாச்சும் வெச்சிட்டுப் போனாளே.”

இரண்டு மூன்று மாதம் கழித்துப் பள்ளிக்கூடத்தில் எங்களைக் கோட்டைக்கு அழைத்துப் போனார்கள். சார் அந்தக் கல்லைத் தண்ணீர் விட்டுக் கழுவி, மேலே சாக்பீஸைத் தேய்த்தார். எழுத்துகள் வெளியே வந்தன. எந்தக் காலத்திலோ பாலாறு பதினோரு அடி ஏறி இந்த இடம்வரை வந்ததாம். அதைக் குறித்து வைத்த கல்லாம். பாலாற்றில் தண்ணீரா என்று வகுப்பே சிரித்தது.

நான் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, அங்க யாருமே இல்லியாம். சும்மா தண்ணி அளந்த கல்லாம்!”

“யாருமே இல்லியா?”

“யாரும் இல்லம்மா. சாரே சொன்னாரு.”

“செரி. போய் கை கழுவு” என்றாள். என் பொய்க்கு அடி விழவில்லை என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அண்ணனை அந்தக் கோட்டைக்குக் கீழே ஆற்று மணலில்தான் புதைத்தார்கள். பச்சைக் குழந்தைக்கு யார் கல் வைப்பார்கள்? அடையாளமாக இருந்தது அந்த மணல்தான். அதை லாரிகள் அள்ளிக்கொண்டு போய்விட்டன. இதெல்லாம் நான் வேலைக்குப் போன பிறகு சித்தி சொல்லித்தான் தெரியும்.

அடுத்த ஞாயிறு அம்மா எங்கும் போகவில்லை. அந்தப் பாலில் சர்க்கரை போட்டு எனக்குக் கொடுத்தாள். குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று தம்ளரை நீட்டினேன்.