அழித்த கேள்விகள்

சட்டைக்குக் காலர் வைப்பதால் தையல்கூடத்தில் அவளுக்குக் காலர் அக்கா என்று பெயர். தையல் மெஷின் பழுதுக்கு இலவசமாக உதவும் இணையக் குழுவிலும் 'காலர்' என்றுதான் இருக்கிறாள். ஆனால் அங்கே எல்லோருக்கும் அவள் 'சார்'. வீட்டு மெஷினைக் கழற்றிக் கழற்றி மாட்டிப் பழுது கற்றவள். ஆறு வருடமாகச் சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து பதில் எழுதுகிறாள்.

கேட்பவர்களில்தான் எத்தனை குரல். 'சார் அவசரம் சார்' என்று ஒருவர், மெஷினுக்குப் பிரசவ வலி வந்ததுபோல. 'தெரிஞ்சா சொல்லுங்க, தெரியாட்டி ஒதுங்குங்க' என்று இன்னொருவர், சம்பளம் கொடுத்து வைத்திருப்பவர் தோரணையில். அவள் பேசிக் காட்டினால் பக்கத்து மெஷின்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அவர்களைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பதில் கிடைத்ததும் கேள்வியையே அழித்துவிட்டு நழுவுகிறவர்களைக் கண்டால்தான் அவளுக்கு ஆகாது. நன்றி கிடக்கட்டும், அதே பழுதோடு அடுத்து வருகிறவன் எங்கே போய்த் தேடுவான்?

'மெஷின் மன்னன்' இரண்டு முறை அப்படி அழித்தவர். இன்று மூன்றாவதாக ஒரு படம் போட்டிருந்தார். அதில் மெஷினில் நூல் போகும் கம்பி உடைந்து, ஊதா ரிப்பனால் கட்டப்பட்டிருந்தது. கட்டியது அவள்தான், தன் மகளின் ரிப்பனால். நிமிர்ந்தாள். பத்தடி தள்ளி அதே மெஷின் முன்னால் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார் மெக்கானிக். போன மாதம் அவள் ஸ்க்ரூடிரைவரைத் தொட்டதற்கு, தைக்கிற வேலையைப் பார் என்று எல்லோர் முன்னாலும் விரட்டியவர். அடுத்தடுத்து இரண்டு பழுதைச் சரிசெய்துவிட்டு, எல்லாம் அனுபவம் என்று நெஞ்சை நிமிர்த்தியவர். யாருடைய அனுபவம் என்று இப்போது தெரிந்தது.

அந்த மெஷினில் தையல் விட்டு விட்டு விழுந்தது. சாயங்காலத்துக்குள் சட்டைகள் முடியாவிட்டால் லீவு நாளிலும் எல்லோரும் வர வேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

அவள் எழுதினாள்: 'அழிச்ச ரெண்டு கேள்வியையும் திரும்பப் போடுங்க. என்ன செஞ்சு சரியாச்சுன்னும் எழுதுங்க. அப்புறம் சொல்றேன்.'

'ப்ளீஸ் சார்' என்று வந்தது. மறுபடியும் வந்தது. பக்கத்து மெஷின்காரி எட்டிப் பார்த்து, நம்ம லீவும்தானே போகும், சொல்லித் தொலையேன் என்று கெஞ்சினாள். போனால் போகட்டும் என்றாள் காலர் அக்கா.

கால் மணி நேரம் கழித்து இரண்டு கேள்விகளும் பதிலோடு திரும்பி வந்தன. அவள் எழுந்து போனாள்.

"அண்ணே, லூப்பர் ஆடுது. கீழ நூல் வாங்குற கொக்கி அதான். நகருங்க."

"உனக்கு யாரும்மா சொன்னது?"

அவள் போனைத் திருப்பிக் காட்டினாள்.

"அந்த சார்... நீயா?"

"நானேதான். ஸ்க்ரூடிரைவரைக் குடுங்க."

"மெதுவாம்மா. எல்லாரும் கேக்குறாங்க."

"கேக்கட்டும். என்னை விரட்டுனப்பவும் கேட்டாங்கல்ல?"

கொடுத்தார். பத்து நிமிடத்தில் தையல் ஒழுங்காக ஓடியது.

சாயங்காலம் சட்டைகள் போன பிறகு குழுவைப் பார்த்தாள். மூன்றாவது கேள்வி அழியாமல் இருந்தது. அடியில், 'லூப்பரை இறுக்கினதும் சரியாச்சு. செஞ்சது எங்க காலர் அக்கா. நன்றி' என்று எழுதியிருந்தார். இரண்டு முறை படித்துவிட்டுப் பதில் போட்டாள்:

'இறுக்குறதுக்கு முன்னாடி ஊசிக்கும் லூப்பருக்கும் மயிரிழை இடைவெளி விடணும். அதை எழுதாம விட்டுட்டீங்க. சேருங்க, படிக்கிறவங்க ஊசி உடையக் கூடாது.'