மிளகாய்க் களிம்பு எரிந்த காலும் எரியாத காலும்

1. முதல் நாள்

"துடைக்காதீங்க சிஸ்டர்!" என்று டாக்டரம்மா அறையின் அந்தக் கோடியிலிருந்து சத்தம் போட்டார்.

என் கையில் பஞ்சு. எதிரே கோவிந்தன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "எரியுதுங்க, நெருப்ப வச்ச மாதிரி எரியுதுங்க" என்று துடித்துக்கொண்டிருந்தார். அவர் காலில் மிளகாய்ச் சத்து கலந்த களிம்பைத் தடவியவள் நான்தான்.

2010களின் நடுவில், மந்தாரக்குப்பத்தில் ஒரு தனியார் கிளினிக். இருபது வருஷம் பிரசவ வார்டில் இருந்துவிட்டு நரம்பு வலிப் பிரிவுக்கு மாறி வந்திருந்தேன். சர்க்கரையால் கால் நரம்பு கெட்டவர்கள்தான் அங்கே அதிகம்.

"பத்துக்கு எவ்வளவு எரியுது?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஏழு இருக்கும்ங்க."

அவர் முகத்தில் சந்தோஷம். எனக்குக் கோபம் வந்தது. வலியோடு வந்தவருக்கு இன்னொரு வலியைக் கொடுத்துவிட்டுச் சிரிக்கிறாரே!

கோவிந்தன் பக்கத்திலிருக்கும் வடக்குத்து ஊர்க்காரர், நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. பாத எரிச்சலில் சேஃப்டி ஷூ போட முடியவில்லை. ஷூ இல்லாமல் கேட்டில் விடமாட்டார்கள். "வூட்லயே குந்திகினு இருக்கேங்க. மாசக் கடைசிக்குள்ள போகலன்னா வேற ஆளப் போட்டுடுவாங்க" என்றார்.

2. அதே எட்டு மார்க்

அன்றே தணிகாசலம் வந்தார். அதே மைன்ஸில் பர்மனென்ட் வேலையில் இருந்து ரிட்டயர் ஆனவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மகன் வீட்டில் இருந்தார். அவருக்கும் கோவிந்தனுக்கும் சர்க்கரை, இருவருக்கும் பாதத்தில் எரிச்சல், களிம்பு தடவும் முன் இருவரும் சொன்ன வலி மார்க் பத்துக்கு எட்டு. அதே களிம்பைத் தடவி அரைமணி நேரம் உட்காரவைத்தேன்.

"என்னம்மா, தடவிட்டீங்களா? ஒண்ணுமே தெரியலையே."

மகன் என்னைத் தனியே கூப்பிட்டார். "நடிக்கிறார் சிஸ்டர். போன மாசம் முள்ளு குத்தி ரத்தமா கொட்டுச்சு, அவருக்கே தெரியல. அந்தக் கால் எப்படி வலிக்கும்?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

பிரஷருக்குக் கொடுக்கும் ஒரு மருந்தை ஜெல்லாகக் கலந்து வரவழைத்திருந்தார் டாக்டரம்மா. "கோவிந்தனுக்கு இது கேட்கும். பெரியவருக்குக் கேட்காதுன்னு நினைக்கிறேன்" என்றார்.

"தடவிப் பார்க்காமலே எப்படி மேடம் சொல்றீங்க? அவருக்கும் கொடுத்துப் பார்க்கலாமே."

"கொடுங்க. மூணு வாரம் பார்ப்போம்."

3. மூன்றாவது வாரம்

கோவிந்தன் ஷிஃப்ட் முடித்து நேராக வந்தார், காலில் ஷூவோடு. "எரிச்சல் முழுசா போகலங்க. ஆனா ஷூவ மாட்டிகினு எட்டு மணி நேரம் நின்னுட்டேன்." வலி மார்க் மூன்று. நான் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தணிகாசலத்துக்கு அதே எட்டு. ஜெல்லைத் தடவியதும் தடவாததும் ஒன்றுதான்.

டாக்டரம்மா மகனை உட்காரவைத்தார். "மிளகாய் எரியணும்னா தோல்ல நரம்பு நுனி உயிரோட இருக்கணும். களிம்பு எரிஞ்ச இன்னொருத்தருக்கு அது இருந்துச்சு, ஜெல்லுக்கு அங்க வேலை இருந்துச்சு. உங்கப்பாவுக்கு நுனியெல்லாம் செத்துப்போச்சு. அதான் முள்ளு தெரியல. ஆனா பாதத்துலேந்து மேல போற நரம்பும் முதுகுத்தண்டும் எரியுது எரியுதுன்னு மூளைக்குச் சொல்லிக்கிட்டே இருக்கு. தடவுற மருந்து அங்க எட்டாது, மாத்திரைதான் வேணும். வலி பொய்யில்லைங்க."

உணர்வே இல்லாத தோலில் நெருப்பு எரிகிறது! இத்தனை வருஷ நர்ஸ் வேலையில் இப்படி ஒன்றை நான் யோசித்ததே இல்லை.

மகன் கீழே உட்கார்ந்து, அப்பாவின் பாதத்தைக் கையில் எடுத்தார்.

"எந்த இடத்துலப்பா?"

பெரியவர் அழுதுவிட்டார்.

மாத்திரையில் அவருக்கு வலி ஐந்துக்கு இறங்கியது. அந்த மிளகாய்க் களிம்புச் சோதனை எல்லோருக்கும் பலித்ததில்லை. நன்றாக எரிந்தும் ஜெல் கேட்காதவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு, எத்தனை மார்க் வலி என்று மட்டும் எழுதிவிட்டு நான் நகர்ந்ததில்லை. எட்டு என்று இரண்டு பேர் சொன்னால் அவை இரண்டு வேறு வேறு வலிகளாக இருக்கலாம். எது எப்படியோ, எட்டு என்று சொன்னால் அது எட்டுதான்.