பத்து மீட்டர் ஆழத்தில் இருபத்துமூன்று டிகிரி

மூன்று செவ்வாய்க்கிழமைகளாகக் கடல் குளிர்ந்துகொண்டே வந்தது. அஸ்வதியின் நோட்டில் இருந்த எண்கள் அப்படித்தான் சொல்லின. மே கடைசியில் பத்து மீட்டர் ஆழத்தில் இருபத்தெட்டரை டிகிரியாக இருந்த தண்ணீர், மழை பிடித்த பிறகு இருபத்தேழு, இருபத்தைந்து என்று இறங்கி, போன வாரம் இருபத்துமூன்றரைக்கு வந்துவிட்டது. அவள் வேலை செய்யும் கடல் ஆய்வுத் திட்டத்தின் தலைவர் டாக்டர் லிபி அந்த எண்களை வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் காட்டப்போகிறார். அஸ்வதியின் ஒப்பந்த வேலை இந்த மாதத்தோடு முடிகிறதா, நீள்கிறதா என்பதும் அன்றைக்கே தெரிந்துவிடும்.

சாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டியொன்றில் மூட்டை நிறுக்கும் பகவதிப்பெருமாளின் மகள் அவள். குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். அதில் ஒரு சங்கடம் உண்டு. அவள் செய்வது சரியா தப்பா என்று வீட்டில் யாருக்கும் சொல்லத் தெரியாது. "எல்லாம் சரியாத்தான் இருக்கும் மக்ளே" என்பார் அப்பா, என்ன வேலை என்று கேட்காமலேயே. அது அவளுக்கு ஒருநாளும் போதவில்லை. எழுதிய எண்ணை இரண்டு தடவை சரிபார்ப்பாள்; திரும்பும் பஸ்ஸில் மூன்றாம் தடவை.

நான்காம் செவ்வாய் அவள் விழிஞ்ஞம் மீன்பிடித் துறைக்குக் கொஞ்சம் முன்னதாகவே போய்விட்டாள். வாரம் ஒருமுறை அவளைக் கடலுக்குக் கூட்டிப்போகும் மீனவன் ஷிபின், தன் வள்ளத்தில் குனிந்து ஐஸ்பெட்டிக்குள்ளிருந்து எதையோ உருவிக்கொண்டிருந்தான். வெளியே வந்தது அவளுடைய நீர்க்குழாய். கயிற்றில் கட்டி இறக்கினால் வேண்டிய ஆழத்துத் தண்ணீரைப் பிடித்து மூடிக்கொள்ளும் தடித்த பிளாஸ்டிக் குழாய்; மேலே எடுத்து அதற்குள் வெப்பமானியை விட்டுத்தான் அளப்பாள். பஸ்ஸில் தூக்கிக்கொண்டு அலைய முடியாதென்று அவனிடமே விட்டுவைத்திருந்தாள்.

"அது ஏன் அங்க இருக்கு?"

"ஐஸ்பெட்டிக்கு மட்டுந்தானே மூடி உண்டு டீச்சரே. வெளிய வெச்சா உப்புவெள்ளம் தெறிச்சுக் கேடாவும்." நோட்டு வைத்திருக்கும் எவரும் அவனுக்கு டீச்சர்தான்.

"கடல்ல முக்குற சாதனம் உப்புத்தண்ணி பட்டா கேடாவுமா? எப்போலருந்து வைக்கிறீங்க?"

ஷிபின் யோசித்தான். "மழ தொடங்குனதுலேந்து."

குழாயைத் தொட்டுப் பார்த்தாள். விரல் மரத்தது. எண்கள் இறங்கத் தொடங்கியதும் அப்போதிலிருந்துதான். அப்படியானால் மூன்று வாரமாக அவள் அளந்தது கடலையா, மீன் போடும் பெட்டியையா?

சொல்லாமலே இருந்துவிடலாம் என்ற நினைப்பு வரத்தான் செய்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் அதற்கு ஒரு நல்ல காரணமும் கண்டுபிடித்துவிடுவோம் என்று பட்டதால் உடனே போனை எடுத்தாள்.

லிபி முழுவதையும் கேட்டார். "ஐஸ்பெட்டியிலயா?" என்று உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகு, "இன்னிக்கு அதை வெயில்ல வெச்சிட்டு எடுத்துப் போ, கேட்டோ. அடியில பத்து நிமிஷம் தொங்கவிட்டு, குழாய் கடலோட சூட்டுக்கு வந்தப்புறம் மூடு. மூணு தடவை எடு. வர்றதை அப்படியே சொல்லு" என்றார். கோபமா இல்லையா என்று குரலில் பிடிபடவில்லை.

மழை விட்டு வெயில் அடித்தது. அலைத்தடுப்பைத் தாண்டியதும் வடமேற்குக் காற்று முகத்தில் அறைந்தது. வழக்கமாக ஓயாமல் பேசும் ஷிபின் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"என்னால டீச்சருக்குப் பணி போயாச்சோ?"

"இன்னும் போகல. வள்ளத்த ஆடாம நிப்பாட்டுங்க."

மடியில் கிடந்து வெதுவெதுப்பாகியிருந்த குழாயை இறக்கினாள். பத்து நிமிடம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தூக்கினாள். வெப்பமானி இருபத்திரண்டு புள்ளி ஒன்பது காட்டியது. அடுத்த தடவை இருபத்துமூன்று. மூன்றாவது, மறுபடி இருபத்திரண்டு புள்ளி ஒன்பது. அப்போதும் நம்பாமல் வாளியில் மேல்தண்ணீரை மொண்டு அளந்தாள். அதுவே இருபத்துநான்குதான்.

ஷிபின் வாளிக்குள் கையை விட்டுப் பார்த்தான். "இது பெட்டிக்க தணுப்பு இல்ல டீச்சரே. கடலுக்க தணுப்பாக்கும்."

அஸ்வதி பலகையில் உட்கார்ந்துவிட்டாள். தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு இதையேதான் அம்புக்குறி போட்டு எழுதியிருந்தாள். இந்தப் பருவத்தில் காற்று கரையை ஒட்டித் தெற்கே வீசும்; நீரோட்டமும் தெற்கே போகும். பூமி சுழல்வதால் மேல்தண்ணீர் காற்றுக்கு வலப்பக்கமாக, அதாவது கரையை விட்டு மேற்கே, ஒதுங்கும். ஒதுங்கிய இடத்தை நிரப்ப ஆழத்துக் குளிர்ந்த நீர் ஏறி வரும். அது கொண்டுவரும் சத்தில் நுண்பாசி பெருகும், பாசியைத் தேடி மத்தி மீன் வரும். எல்லாம் தெரிந்தவள்தான். அளந்தது தன் கை என்பதாலேயே, தப்பாகத்தான் இருக்கும் என்று கடலை விட்டுவிட்டு ஐஸ்பெட்டியை நம்பியிருந்தாள்.

புது எண்களைப் போனில் கேட்டதும் லிபி உடனே சொன்னார்: "பழைய எண்ணை அழிக்காதே. குழாய் எங்க இருந்ததுன்னு பக்கத்துல எழுதி, வெள்ளிக்கிழமை நீயே கூட்டத்துல சொல்லு."

"நானா மேடம்?"

"பின்ன? அளந்தது நீயல்லவா. செப்டம்பர் முடியுற வரைக்கும் வாரம் தவறாம எண் வேணும். வள்ளக்காரர்கிட்ட இப்பவே சொல்லி வை."

சொன்னாள். "செப்டம்பர் வரைக்குமா?" என்று ஷிபின் இஞ்சினை முடுக்கினான். "அப்போ எனக்கும் பணி போகல."

துறையோரக் கடையில் கப்பைக் கிழங்கும் மீன்கறியும் சூடாக இருந்தன. அஸ்வதி இரண்டாம் தடவையும் கறி கேட்டு வாங்கினாள்.